வெளிச்சம் மேலேறும் வீடு: ஹார்ட்விக் மாளிகையின் கட்டடக்கலை



ஹாரி பாட்டர் திரைப்படங்களைப் பார்த்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். கடைசிக் கதையின் முதல் பாகத்தில் மால்ஃபாய் மாளிகை என்று ஒரு கட்டடம் வரும். உயர்ந்த கோபுரங்கள், வரிசை வரிசையாக ஜன்னல்கள், பின்னால் கறுத்த வானம். கணினியில் இருட்டாக்கிய காட்சிதான், ஆனால் அதற்கு அடிப்படையாக அமைந்த வீடு உண்மையானது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் வட்டாரத்தில், ஒரு குன்றின் விளிம்பில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. ஹார்ட்விக் என்பது அதன் பெயர். இன்று மாலை அந்த வீட்டின் கட்டடக்கலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்தப் படம் இந்த வீட்டுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம். திகிலூட்ட ஒரு வீடு வேண்டும் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டியவர்களோ வெளிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்காகவே அதைக் கட்டினார்கள். அங்கே சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம் என்று அந்த வட்டாரத்தில் எதுகையோடு ஒரு பேச்சு உண்டு. மேற்கு வானில் சூரியன் இறங்கும் நேரத்தில் முகப்பைப் பார்த்தால் அந்தப் பேச்சு மிகையில்லை என்று தெரியும். கல் பின்னுக்குப் போய்விடும், கண்ணாடி மட்டும் தகதகவென்று நிற்கும்.

ஆனால் ஜன்னல்களைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு. அந்த வீட்டில் வெளிச்சம் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு உயரம், யார் எதுவரை ஏறி வரலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு, கல்லிலும் கண்ணாடியிலும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அந்த வீடு முழுதும் விளங்கிவிடும்.

முதலில் கண்ணாடியைப் பற்றி. நமக்குக் கண்ணாடி சாதாரணப் பொருள். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படியில்லை. மணலையும் மரச்சாம்பலையும் உலையில் உருக்கி, குழாயால் ஊதி, அதை விரித்து, ஆறவைத்து, வெட்டி எடுப்பார்கள். கிடைப்பது சிறு சிறு துண்டுகள்தான். அந்தத் துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்து, கல்லில் செதுக்கிய நெடுங்கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் இடையே பொருத்துவார்கள். ஓர் ஆள் உயர ஜன்னலுக்கே எத்தனை துண்டுகள், எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியை வீட்டின் பகுதியாகக் கருதாமல் தனிச் சொத்தாக உயிலில் எழுதிவைத்ததும் உண்டு. அப்படிப்பட்ட பொருளைக் கொண்டு குன்றின்மேல் ஒரு வீட்டின் நான்கு பக்கத்தையும் ஒருவர் நிரப்புகிறார் என்றால், அவருடைய பணம் பல மைல் தொலைவுக்குத் தெரிகிறது என்று பொருள்.

அந்த ஒருவர் எலிசபெத் டால்பட், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. வரலாற்றில் பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்று வழங்கும் அம்மையார். 1520-களில் அதே ஹார்ட்விக் குன்றில் ஒரு நடுத்தர நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துபோனார். நான்கு முறை திருமணம் செய்துகொண்டு நான்கு முறையும் கைம்பெண் ஆனார். இரண்டாவது கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ். அவருடன் சேர்ந்துதான் 1549-இல் சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கி அங்கே ஒரு பெரிய வீட்டைக் கட்டத் தொடங்கினார். நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரியின் ஆறாவது ஏர்ல், நாட்டின் பெரும் பணக்காரப் பிரபுக்களில் ஒருவர். ஸ்காட்லாந்து அரசி மேரியைச் சிறைக்காவலில் வைத்திருக்கும் பொறுப்பு 1569 முதல் 1584 வரை அந்த ஏர்லிடம் இருந்தது. அந்தப் பொறுப்பின் செலவும் பதற்றமும் அவருடைய இல்லறத்தையும் அரித்தன. கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். பெஸ் சாட்ஸ்வொர்த்தை விட்டுப் பிறந்த ஊருக்கு வந்தார். தம் சகோதரர் கடனில் மூழ்கி இழந்த குடும்ப நிலத்தை 1583-இல் வாங்கியிருந்தார்.

கட்டடத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஏன் குடும்பக் கதை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த வீட்டின் ஒவ்வொரு முக்கியத் தீர்மானத்துக்கும் அந்த வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கிறது.

பிறந்த இடத்தில் இருந்த வீட்டை 1587 வாக்கில் விரித்துக் கட்டத் தொடங்கினார். அதைத்தான் இன்று பழைய ஹார்ட்விக் என்கிறார்கள். ஒட்டு ஒட்டாக வளர்ந்த கட்டடம் அது. ஓர் இடத்தில் மாடி சேர்ப்பது, இன்னோர் இடத்தில் சிறகு சேர்ப்பது என்று போனது. அந்த வேலை முடிவதற்குள், 1590-இன் கடைசி மாதங்களில், சில நூறு அடி தள்ளிப் புத்தம் புதிதாக இன்னொரு வீட்டுக்கு அடித்தளம் போட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஏர்ல் காலமானார். பெஸ் அம்மையாரின் கையில் இப்போது யாரும் கேள்வி கேட்க முடியாத செல்வம். அரசிக்கு அடுத்தபடி நாட்டின் பெரும் செல்வப் பெண்மணி அவர்தான் என்று சொல்வது வழக்கம். வயதோ அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் முதன்முறையாக, எந்தக் கணவரின் விருப்பத்தையும் கேட்க வேண்டாத ஒரு வீட்டை அவர் கட்டுகிறார். ஏழே ஆண்டுகளில், 1597 அக்டோபரில், குடியேறியும் விடுகிறார்.

வீட்டுக்கு வரைபடம் தந்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பதை இன்று அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். கல்தச்சராகத் தொழிலைத் தொடங்கியவர். 1568-இல் லாங்லீட் மாளிகைக்கு வேலைக்குப் போனார். பிறகு நாட்டிங்ஹாம் அருகே வொல்லட்டன் மாளிகையைக் கட்டினார். 1614-இல் இறந்தார். அவருடைய கல்லறைக் கல் வொல்லட்டன் தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய வரைபடங்களில் பல இன்றும் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன, அவற்றில் ஹார்ட்விக்கின் அமைப்பை ஒத்த ஒன்றும் உண்டு. ஆனால் ஹார்ட்விக்கின் கட்டுமானக் கணக்கேடுகளைப் புரட்டினால் அவர் பெயர் அரிதாகத்தான் வருகிறது. அங்கே பக்கம் பக்கமாக இருப்பவை கல்தச்சர்கள், தச்சர்கள், சுதை வேலைக்காரர்கள், அவர்களுக்குக் கொடுத்த கூலி, அடியில் பெஸ் அம்மையாரின் கையெழுத்து. ஸ்மித்சன் யோசனையைத் தந்தார், கட்டியது அம்மையாரும் அவருடைய தொழிலாளர்களும் என்று சொல்வது சரியாக இருக்கும். எவருக்கு எவ்வளவு புகழ் என்று பங்கு பிரிப்பதைவிட, யோசனைக்கும் கணக்கேட்டுக்கும் இடையே இருந்த இணக்கம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் அந்த யோசனை துணிச்சலானது. பணம் தருபவர் நடுவில் பயந்திருந்தால் அது காகிதத்திலேயே நின்றிருக்கும்.

அந்தத் துணிச்சல் எது என்று இப்போது பார்ப்போம்.

செங்கல்லோ கருங்கல்லோ, பழைய முறையில் கட்டும் வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவர்தான். சுவரில் ஓட்டை போடப் போட அதன் பலம் குறையும். இங்கிலாந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்நாடு என்பதால் ஒவ்வொரு பெரிய அறைக்கும் கணப்பு வேண்டும். கணப்புக்குப் புகைக்குழாய் வேண்டும். அந்தப் புகைக்குழாய் வழக்கமாக வெளிச்சுவரோடு சேர்ந்து மேலே போகும். ஆக, வெளிச்சுவரின் இடத்துக்கு ஜன்னலும் கணப்பும் போட்டி போடும். ஹார்ட்விக்கில் இந்தப் போட்டியையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். கணப்புகளையும் புகைக்குழாய்களையும் வீட்டின் உட்புறத்துத் தடித்த சுவர்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தளங்களின் பாரத்தில் பெரும்பகுதியை அந்த உட்சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு கோபுரங்கள் நீண்ட சுவர்களுக்கு முட்டுக் கொடுக்கின்றன. வெளிச்சுவருக்கு இப்போது வேலை குறைந்துவிட்டது. அதைக் கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்கலாம். நாம் வெளியே நின்று வியக்கும் ஜன்னல்களின் ரகசியம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத சுவருக்குள் இருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். வெளித்தோற்றம் முன்னும் பின்னும் ஒத்திருக்க வேண்டும், இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். உள்ளே அறைகளோ அப்படி ஒழுங்காக அமையவில்லை. அதனால் சில உயர்ந்த ஜன்னல்களுக்குப் பின்னால் தாழ்வான இரண்டு தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சில ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் சுவர்தான். கண்ணாடி இருக்கிறது, அறை இல்லை. நேர்மையற்ற வேலை என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குன்றின் அடியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வீடு, உள்ளே வாழ்பவருக்கு ஒரு வீடு என்று இரண்டு தேவைகள் இருந்தன. இரண்டையும் ஒரே தோலுக்குள் அடக்கினார்கள்.

கோபுரங்களைப் பற்றி ஒரு சொல். நீள்சதுரமான உடலில் நெடும்பக்கத்துக்கு இரண்டிரண்டாக நான்கு, குறும்பக்கத்துக்கு ஒவ்வொன்றாக இரண்டு, மொத்தம் ஆறு. எளிமையான கணக்கு. ஆனால் வீட்டைச் சுற்றி நடந்தால் அந்த ஆறும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நான்காகத் தெரியும், இன்னோரிடத்தில் நெருங்கி ஒரே கொத்தாகும், மறுபடி பிரியும். அலங்கார வேலைப்பாடு இந்த வீட்டின் வெளிப்புறத்தில் மிகக் குறைவு. கல்லைக் குடைந்து கொடி, பூ என்று நிரப்பவில்லை. வடிவங்கள் நகர்வதே அலங்காரம். ஒரே விதிவிலக்கு உச்சியில் இருக்கிறது. ஒவ்வொரு கோபுரத்தின் தலையிலும் கல்லில் வெட்டிய பெரிய எழுத்துகள், ஆங்கிலத்தின் ஈ, எஸ். எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் முதலெழுத்துகள். மேலே சீமாட்டிக்குரிய முடி. வானத்தைப் பின்னணியாக வைத்துத் தன் பெயரை எழுதிக்கொண்ட பெண் அந்தக் காலத்து இங்கிலாந்தில் இன்னொருவர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி உள்ளே போகலாம்.

இங்கிலாந்தின் பழைய பெருவீடுகளில் வாசலுக்குள் நுழைந்தால் வருவது பெருங்கூடம். இடைக்காலத்தில் அதுதான் வீட்டின் உயிர். தலைவனும் குடும்பத்தாரும் பணியாட்களும் அங்கேயே ஒன்றாக உண்டார்கள். கூடத்தின் ஒரு முனையில் வாசல், மறுமுனையில் தலைவனுக்கு உயர்ந்த மேடை. கூடம் முகப்புக்கு இணையாகக் குறுக்கே படுத்திருக்கும். வாசலும் அதன் ஓரத்தில்தான் அமையும். முகப்பைச் சமச்சீராக அமைக்க விரும்பியவர்களுக்கு இது பெரிய தலைவலி. வாசலை நடுவில் வைத்தாலும் உள்ளே நுழைந்தவர் ஏதாவது ஒரு பக்கம் திரும்பித்தான் கூடத்துக்குள் போக வேண்டும்.

ஹார்ட்விக்கில் கூடத்தையே திருப்பி வைத்துவிட்டார்கள். முகப்பிலிருந்து பின்புறம் நோக்கி, வீட்டின் நடு அச்சில் அது நீள்கிறது. வாசலில் நுழைந்தால் நேராகக் கூடம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பலாடியோவின் நூலில் உள்ள வரைபடங்களின் செல்வாக்கு இதில் இருக்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து வந்த யோசனையானாலும் விளைவு பெரிது. கூடம் தலைவர் அமரும் இடம் என்ற நிலையை இழந்தது. இரண்டு மாடி உயரமும் கல்தூண் தடுப்பும் அதற்கு இருந்தன, ஆனால் இப்போது அங்கே உண்பவர்கள் பணியாட்கள். வீட்டுத் தலைவி வேறெங்கோ மேலே போய்விட்டார். வந்தவர் கடந்துபோகும் இடமாகக் கூடம் மாறியது. பின்னாளில் இங்கிலாந்தின் வீடுகளில் முன்கூடம் என்று வழங்கிய இடத்தின் தொடக்கத்தை இங்கே காண்கிறோம். ஒரு சமூகத்தில் சேர்ந்து உண்ணும் வழக்கம் எப்படி மறைந்தது என்பதை ஓர் அறை தொண்ணூறு பாகை திரும்பியதில் பார்க்க முடிகிறது.

வெளியிலிருந்து பார்க்கும்போதே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மேலே போகப் போக ஜன்னல்கள் உயரமாகின்றன. தரைத்தளத்து ஜன்னல்கள் குட்டையானவை. முதல் மாடியில் அவற்றைவிட உயரம். இரண்டாம் மாடியில் மிக உயரம். ஐரோப்பாவின் மற்ற அரண்மனைகளில் முதல் மாடிதான் பெருமைக்குரிய தளமாக இருக்கும். இங்கே இரண்டாம் மாடி. கீழ்த்தளத்தில் சமையலறை, பண்டக அறைகள், பணியாட்கள். முதல் மாடியில் அம்மையாரின் அன்றாட வாழ்க்கை, அவருடைய படுக்கையறை, குடும்பத்தார் உண்ணும் அறை. இரண்டாம் மாடியில் அரசமரியாதைக்குரிய அறைகள். தகுதி ஏற ஏற உயரமும் வெளிச்சமும் ஏறுகின்றன.

இந்த மூன்று தளங்களையும் இணைப்பது ஒரு கல் படிக்கட்டு. சுழன்று ஏறும் ஒடுக்கமான படி இல்லை அது. அகலமான, தாழ்வான படிகள் வீட்டின் உடலுக்குள் நிதானமாக வளைந்து வளைந்து போகின்றன. சில இடங்களில் இருட்டு, திடீரென்று ஒரு ஜன்னல், பிறகு மறுபடி இருட்டு. விருந்து நாள்களில் உணவும் இதே வழியாகத்தான் போனது. கீழே வடபுறத்துச் சமையலறையில் ஆக்கியதைப் பணியாட்கள் ஊர்வலமாகத் தாங்கிக்கொண்டு, கூடத்தைக் கடந்து, இரண்டு மாடி ஏறி, உயர்பெருங்கூடம் என்ற அரசமரியாதை அறைக்குக் கொண்டுபோனார்கள். வழியெங்கும் உணவின் சூடு நிச்சயம் ஆறியிருக்கும். அது அவர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை. உணவு வருவதையே ஒரு சடங்காகப் பார்க்க வைப்பதுதான் நோக்கம். விருந்தினரும் அதே படியில்தான் ஏறினார்கள். ஏற ஏற அவர்களுக்கு ஓர் எதிர்பார்ப்பு கூடியிருக்கும். கடைசியில் கதவு திறக்கிறது.

அந்த உயர்பெருங்கூடத்தை இங்கிலாந்திலேயே மிக அழகான அறைகளில் ஒன்றாகக் கருதுபவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். சுவரின் கீழ்ப்பாதியை மூடி நெய்த சித்திரத் திரைகள் தொங்குகின்றன. கிரேக்கக் காவிய வீரன் யுலிஸ்ஸஸின் கதையைச் சொல்லும் இந்தத் திரைகளை 1587-இலேயே அம்மையார் வாங்கிவிட்டார். அதாவது அவை அந்த வீட்டைவிட மூத்தவை. அவற்றுக்கு மேலே, கூரை வரைக்கும், அறையைச் சுற்றி வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள். அடர்ந்த காடு. மான்களும் காட்டுப் பன்றிகளும் வேட்டைக்காரர்களும் மரங்களுக்கிடையே ஓடுகிறார்கள். நடுவில் வேட்டைத் தெய்வமான டயானா தன் தோழியரோடு அமர்ந்திருக்கிறாள். செய்தவர் ஆபிரகாம் ஸ்மித், அம்மையாரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்த சுதைக் கலைஞர். பிளெமிஷ் அச்சுப் படங்கள் சிலவற்றை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள், ஆனால் அந்தக் காடு முழுக்க இந்த அறைக்காகவே உருவானது. வண்ணங்கள் இன்று மங்கிவிட்டன. மங்கிய நிலையிலும், பெரிய ஜன்னல்களின் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மரங்களின் புடைப்பு தெளிவாக எழுந்து வருகிறது. சுதை வேலைக்குப் பக்க வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்பது நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் சிற்பம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டயானா ஏன்? அவள் கன்னித் தெய்வம். எலிசபெத் அரசியைக் கவிஞர்களும் ஓவியர்களும் அவளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அறையில் அரச சின்னமும் உண்டு. அரசி ஒரு நாள் இங்கே வந்து அமர்வார் என்ற ஏற்பாடு இது. அரசி கடைசிவரை வரவில்லை. வேறொரு நம்பிக்கையும் அந்த இரண்டாம் மாடியில் குடியிருந்தது. அம்மையாரின் பேத்தி அர்பெல்லா ஸ்டூவர்ட்டின் உடம்பில் ஓடியது அரச ரத்தம். பிள்ளையில்லாத எலிசபெத்துக்குப் பிறகு அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. தன் பேத்தி அரசியானால் அவளுக்குத் தகுந்த ஒரு தளம் தன் வீட்டில் வேண்டும் என்று பாட்டி எண்ணியிருக்கலாம். அர்பெல்லாவுக்கோ அந்த வீடு ஏறக்குறைய சிறை. 1603-இல் தப்பிப்போக முயன்றாள், பாட்டி கோபத்தில் உயிலிலிருந்து அவளை நீக்கினார். அதே ஆண்டு அரியணை ஸ்காட்லாந்தின் ஜேம்ஸுக்குப் போனது. அர்பெல்லா 1615-இல் லண்டன் கோட்டைச் சிறையில் இறந்தாள். அவ்வளவு உயரமான ஜன்னல்களுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் வெளியே போக வழியின்றி இருந்தாள் என்பதை அந்த வீட்டின் அழகைச் சொல்லும்போது விட்டுவிட முடியாது.

அதே மாடியில், கிழக்குப் பக்கம் முழுவதும் நீள்வது நெடுங்கூடம். ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். மழைநாள்களில் உள்ளேயே உலாவுவதற்கும், முன்னோர் படங்களை மாட்டிவைக்கவும் இத்தகைய நெடுங்கூடங்களை அந்தக் காலத்துப் பெருவீடுகளில் அமைத்தார்கள். இங்கே உள்ள இரண்டு பெரிய கணப்புகளின் மேலே நீதியும் கருணையும் பெண்ணுருவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. சுவரை மறைத்துத் தொங்குபவை 13 கிதியோன் திரைகள். விவிலியத்தில் வரும் கிதியோனின் கதை. 1578-இல் சர் கிறிஸ்டோபர் ஹாட்டன் என்ற அரசவைப் பெரியவருக்காக நெய்தவை. அரசியை வரவேற்பதற்காகவே ஹோல்டன்பி என்ற பிரம்மாண்ட வீட்டைக் கட்டி, கடனில் மாண்டவர் அவர். அவர் வாரிசிடமிருந்து 1592-இல் அம்மையார் இவற்றை 326 பவுண்டு 15 ஷில்லிங் 9 பென்சுக்கு வாங்கினார். அதற்கும் முன் பேரம் நடந்தது. திரையில் நெய்திருக்கும் ஹாட்டன் குடும்பச் சின்னத்தை மாற்றும் செலவுக்கென்று 5 பவுண்டைக் குறைத்துக்கொண்டார். பிறகு பழைய சின்னத்தின்மேல் தம் சின்னம் வரைந்த துணியை ஒட்டவைத்தார். இந்தத் திரைகளைத் தாங்கும் அளவிலேயே நெடுங்கூடத்தின் சுவர் எழுந்திருக்கிறது.

இரண்டாம் மாடியோடும் முடியவில்லை. இன்னும் ஏறினால் ஈயத் தகடு வேய்ந்த மொட்டை மாடி. விருந்து முடிந்தபின் நெருங்கிய சிலரை மட்டும் அம்மையார் அங்கே அழைத்துப்போவார். திறந்த வானத்தின் கீழே நடந்து, தென்புறத்துக் கோபுரத்துக்குள் இருக்கும் சிறிய அறைக்குப் போய், அங்கே பழங்களும் இனிப்பும் மதுவும். சுற்றிலும் தெரியும் நிலமெல்லாம் அழைத்தவருடையது. ஏறுவதற்கு இதற்கு மேல் இடமில்லை.

இந்த இடத்தில் மறுபடி கணக்கேட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டடத்தின் அழகில் பாதி அதில் இருக்கிறது. சுவருக்கான மணற்கல் குன்றின் அடிவாரத்தில் அம்மையாரின் சொந்தக் குவாரியிலிருந்து வந்தது. மரம் சொந்தக் காட்டிலிருந்து வந்தது. டார்பிஷயர் ஈயத்துக்குப் பேர்போன வட்டாரம், அந்தத் தொழிலிலும் அவருக்குப் பங்கு இருந்தது. கணப்புகளுக்குக் கறுப்புக் கல்லும் வெண்சலவைக்கல் போன்ற அலபாஸ்டரும் பக்கத்து ஊர்களில் கிடைத்தன. கண்ணாடிக்கு விங்ஃபீல்டில் அவருக்கே ஓர் ஆலை இருந்தது. வேறொருவர் கட்டியிருந்தால் கடனில் முடிந்திருக்கக்கூடிய ஜன்னல்கள் அவரைக் கடனாளியாக்காததற்கு இதுவே காரணம். ஸ்மித்சனின் வேறு வாடிக்கையாளர்களில் சிலருக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. வொல்லட்டன் கட்டியவர் தம் வீட்டால் கடனில் மூழ்கினார்.

அத்தனை கண்ணாடி வைத்த வீடு வாழ்வதற்கு இதமாக இருந்ததா? இல்லை. குன்றின் உச்சியில், காற்று நேராக மோதும் இடத்தில், ஈயப் பட்டையில் கோத்த கண்ணாடித் துண்டுகள் குளிரைத் தடுக்காது. கண்ணாடி நிறைந்த வீடுகளில் வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்க இடமில்லை என்று ஃபிரான்சிஸ் பேக்கன் பின்னர் வீடு கட்டுவதைப் பற்றி எழுதியபோது குறைப்பட்டுக்கொண்டார். 1601-இல் அம்மையார் தம் உயிலோடு சேர்த்து வீட்டுப் பொருள்களின் பட்டியல் ஒன்றை எழுதவைத்தார். அறை அறையாக, பொருள் பொருளாக எழுதிய அந்தப் பட்டியல் இன்று நமக்குப் பெரும் புதையல். அதில் அவருடைய படுக்கையறையைப் படித்தால் போர்வைக்கு மேல் போர்வை, திரைக்கு மேல் திரை. பக்கத்தில் ஆறு புத்தகங்கள். சாலொமோனின் நீதிமொழிகளும் அவற்றில் ஒன்று. மேல்மாடியின் பேரொளி விருந்தினருக்கு. வயதான அந்தப் பெண்மணி தமக்கென்று வைத்துக்கொண்டது முதல் மாடியில் கனத்த துணிகளால் போர்த்திய ஓர் அறையைத்தான். 1608 பிப்ரவரியில் அவர் இறந்தார். டார்பியில் உள்ள அவருடைய நினைவுச் சின்னத்தையும் ஸ்மித்சன்தான் வடிவமைத்தார்.

அதன்பின் நடந்ததும் கட்டடக்கலை வரலாற்றின் பகுதியே. அவருடைய வழிவந்த கேவண்டிஷ் குடும்பம் டெவன்ஷயர் பிரபுக்களாக உயர்ந்தது. அவர்கள் விரும்பி வாழ்ந்தது சாட்ஸ்வொர்த்தில். விரும்பியதாலேயே 1687 முதல் அதை இடித்து இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அம்மையாரும் கேவண்டிஷும் எழுப்பிய பழைய சாட்ஸ்வொர்த் இவ்வாறு மறைந்தது, குன்றின்மேல் இருக்கும் வேட்டைக் கோபுரம் ஒன்று மிச்சம். ஹார்ட்விக் இரண்டாவது வீடாக ஒதுங்கியது. பழைய சாமான்களை அங்கே அனுப்புவார்கள், எப்போதாவது வந்து தங்குவார்கள். தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அந்தக் குடும்பத்தோடு அங்கே வந்திருந்தபோதுதான் 1679-இல் காலமானார். பக்கத்திலிருந்த பழைய ஹார்ட்விக்கை 18-ஆம் நூற்றாண்டில் பாதி கலைத்துவிட்டார்கள், இன்று அது கூரையற்ற இடிபாடு. புதிய வீட்டை மாற்றிக் கட்டும் அளவுக்கு யாருக்கும் அதன்மேல் அக்கறை இருக்கவில்லை. மாற்றாமல் விட்டதால்தான் எலிசபெத் காலத்து அறைகளை நாம் இன்று அதே ஒழுங்கில் பார்க்கிறோம்.

1950-இல் பத்தாவது டெவன்ஷயர் பிரபு இறந்தபோது சொத்தின் மதிப்பில் 80 சதவீதம் வாரிசு வரியாக விதிக்கப்பட்டது. அந்த வரியின் ஒரு பகுதிக்கு ஈடாக ஹார்ட்விக் அரசுக்குப் போய், 1959-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பிடம் வந்தது. அங்கே கடைசியாக வாழ்ந்தவர் அதே குடும்பத்தைச் சேர்ந்த எவலின் சீமாட்டி. முதுமையிலும் பழைய திரைகளையும் தையல் சித்திரங்களையும் தம் கையாலேயே தைத்துச் செப்பனிட்டுக்கொண்டிருந்த அவர் 1960-இல் மறைந்தார்.

இப்போது அந்த வீட்டின் முன் இருக்கும் சிக்கல் கட்டியவர்கள் எதிர்பாராதது. அவர்கள் அவ்வளவு விரும்பிய வெளிச்சமே உள்ளிருக்கும் துணிகளுக்குப் பகை. கம்பளி, பட்டு நூல்களின் சாயம் வெயிலில் வெளுக்கிறது, இழை நொய்ந்துபோகிறது. கிதியோன் திரைகளை ஒவ்வொன்றாக இறக்கி, கழுவி, நூல் நூலாகச் சரிசெய்து மறுபடி மாட்டும் பணி 1999 முதல் 2023 வரை 24 ஆண்டுகள் நடந்தது. நேஷனல் டிரஸ்டின் வரலாற்றிலேயே நீண்ட திரைப் பாதுகாப்புப் பணி அதுதான். இனியும் அவை கெடாமல் இருக்க வேண்டுமானால் ஜன்னல்களில் மறைப்புகளை இறக்கி வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும். கட்டடத்தைக் காப்பதா, அதற்குள் தொங்குவதைக் காப்பதா என்ற கேள்வி இங்கே வெறும் வாதம் இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் மறைப்பை எவ்வளவு உயர்த்துவது என்று ஒருவர் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. திரைகள் பக்கமே நான் நிற்பேன். ஜன்னலின் பெருமையை வெளியே நின்று பார்க்கலாம், திரை போய்விட்டால் திரும்ப வராது.

இங்கிலாந்துக்குப் போகும் வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால் ஒரு வேண்டுகோள். எம் 1 நெடுஞ்சாலையில் காரில் போகும்போதே குன்றின்மேல் அந்த வீடு தெரியும். உள்ளே நுழையும் அவசரத்தில் நேராக வாசலுக்குப் போய்விடாதீர்கள். முதலில் ஒரு முறை வெளியே சுற்றி நடந்து கோபுரங்கள் இடம் மாறுவதைப் பாருங்கள். பிறகு பழைய ஹார்ட்விக்கின் இடிபாட்டுக்குள் போய், அங்கே மிச்சமிருக்கும் மாடிகளில் ஏறிப் புதிய வீட்டைப் பாருங்கள். ஒரு பெண் ஒட்டு ஒட்டாகக் கட்டிப் பழகிய இடமும், அதே பெண் ஒரே யோசனையில் எழுப்பிய இடமும் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. அதற்கப்புறம் உள்ளே போனால், திரும்பி வைத்த கூடமும், படிக்கட்டும், மேலே போகப் போக உயரும் ஜன்னல்களும் வழிகாட்டி இல்லாமலே உங்களுக்குப் புரியும்.